கரப்பான் வந்த பிள்ளைக்கு வீட்டில் செய்ய வேண்டியவை

பிள்ளைக்குக் கரப்பான் என்றால் வீட்டில் முதலில் நிற்பது கத்திரிக்காயும் கருவாடும். பால் கொடுக்கும் தாய்க்கும் பத்தியம் போட்டுவிடுவார்கள். ஆனால் மருத்துவர்கள் 'அடோபிக் டெர்மடைடிஸ்' என்று சொல்லும் இந்த நோயில் தோலால் ஈரத்தைப் பிடித்துவைக்க முடிவதில்லை. வறண்ட தோல் அரிக்கும், சொறிந்தால் புண்ணாகும், புண் மேலும் அரிக்கும். இது ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. வளர வளரப் பல பிள்ளைகளுக்குத் தணிந்துவிடும்.

1. குளியல்
தினம் ஒரு முறை, வெதுவெதுப்பான நீரில், 5 முதல் 10 நிமிடம். கடலை மாவும் பீர்க்கங்காய் நாரும் வேண்டாம். வாசனையில்லாத மென்மையான சோப்பை அழுக்குள்ள இடத்துக்கு மட்டும் போடுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள்.

2. ஈரம் காயுமுன் கிரீம்
குளித்த 3 நிமிடத்துக்குள் வாசனையற்ற மாய்ஸ்சரைசரை உடல் முழுக்கத் தடவுங்கள். வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லியும் போதும். வெயில் காலத்தில் அது பிசுபிசுத்தால் பகலில் கிரீம், இரவில் ஜெல்லி. இன்னொரு வேளையும் தடவ வேண்டும். தாராளமாகப் பூசினால் வாரத்துக்கு 250 கிராம்கூடச் செலவாகும். அதனால் சின்ன டியூப் கட்டுப்படியாகாது.

3. சிவந்த இடத்துக்கு மருந்து
மருத்துவர் எழுதித் தந்த ஸ்டீராய்டு களிம்பைப் பயந்து பயந்து தொட்டு வைத்தால் கரப்பான் அடங்காது. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுள்ள இடத்துக்கு அது சரியாக இருக்கும். மருத்துவர் சொன்ன நாள்வரை தடவுங்கள். முகத்துக்கும் மடிப்புகளுக்கும் வீரியம் குறைந்த களிம்பு தனியாகத் தருவார். கைகாலுக்கு எழுதியதை அங்கே பூசாதீர்கள். படைக்கென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலவைக் களிம்பு பக்கமே போகாதீர்கள்.

4. சொறியவிடாமல்
நகத்தை ஒட்ட வெட்டுங்கள். தளர்வான பருத்திச் சட்டை போடுங்கள். விளையாடி வந்ததும் வியர்வையை ஈரத்துணியால் துடைத்து, மறுபடி கிரீம் தடவுங்கள். இரவில் அரித்தால் குளிர்ந்த ஈரத்துணியை ஒற்றி வையுங்கள்.

5. சாப்பாடு
ஒரு பண்டம் தின்ற சற்று நேரத்தில் தடிப்போ வாந்தியோ வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சந்தேகத்தின் பேரில் பால், முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தினால் பிள்ளை இளைத்துப்போகும்.

6. உடனே மருத்துவமனைக்கு
சீழ், மஞ்சள் பொருக்கு, காய்ச்சல், திடீரெனக் கொத்துக்கொத்தாக வலியோடு வரும் நீர்க்கொப்புளங்கள்: இவற்றில் எதைக் கண்டாலும் அன்றைக்கே காட்டுங்கள். கொப்புளங்கள் ஹெர்பிஸ் வைரஸால் வந்திருக்கலாம். அது தாமதத்தைப் பொறுக்காது.

சிவப்பு மறைந்த மறுநாளே கிரீம் டப்பாவைப் பலர் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். அடுத்த கரப்பான் அங்கிருந்துதான் தொடங்குகிறது. டப்பா குளியலறை வாசலிலேயே இருக்கட்டும்.