அட்டையும் கணினியும்: தொழிற்சாலையில் தகவலின் பங்கு

"கணினி வந்தால் உற்பத்தி பெருகும்." பத்தாம் வகுப்பில் தொழில்துறை பற்றிக் கேட்டால் மாணவர் பலரும் எழுதும் விடை இது. இதில் பாதி உண்மைதான் இருக்கிறது. மீதியைப் புரியவைக்க நான் வகுப்பில் பயன்படுத்தும் இரண்டு எடுத்துக்காட்டுகளையும் ஒரு செயல்பாட்டையும் இங்கே பகிர்கிறேன்.

முதலாவது, ஜப்பானின் டொயோட்டா. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அங்குப் பொறியாளராக இருந்த தாயிச்சி ஓனோ 'கான்பன்' என்னும் அட்டை முறையை உருவாக்கினார். எந்தப் பாகம், எத்தனை என்பது அட்டையில் இருக்கும். அடுத்த நிலையில் உள்ளவர் பாகங்களை எடுத்துக்கொண்டதும் அட்டை முந்தைய நிலைக்குத் திரும்பும். அட்டை வந்தால்தான் புதிய பாகம் செய்வார்கள். கணினி இல்லாவிட்டாலும் இதுவும் தகவல் அமைப்பே. தேவைக்கு மேல் பொருள் குவிவதும் அதில் பணம் முடங்குவதும் குறைந்தன.

இரண்டாவது, அமெரிக்காவின் ஹெர்ஷி மிட்டாய் நிறுவனம். சுமார் 11 கோடி டாலர் செலவில் அமைத்த புதிய கணினி அமைப்பை 1999 ஜூலையில் முழுமையாக இயக்கத் தொடங்கியது. ஹாலோவீன் பண்டிகைக்கான கொள்முதல் ஆணைகள் குவியும் காலம் அது. சரக்கு கையிருப்பில் இருந்தும் கடைகளுக்கு உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை. அந்தக் காலாண்டில் விற்பனை 12 சதவீதம் சரிந்தது. நான்கு ஆண்டுப் பணியை இரண்டரை ஆண்டில் முடிக்க அவசரப்பட்டதே இதற்கு முக்கியக் காரணமாகக் கூறப்படுகிறது.

இனி செயல்பாடு. நான்கு மாணவர்களை வரிசையாக அமர்த்தி, தாளை வெட்டுதல், மடித்தல், ஒட்டுதல், முகவரி எழுதுதல் எனக் காகித உறை செய்யும் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். முதல் சுற்றில் ஒவ்வொருவரும் இயன்றவரை வேகமாகச் செய்யட்டும். ஒட்டுபவர் முன் குவியல் சேர்வதை வகுப்பே பார்க்கும். இரண்டாம் சுற்றில், அடுத்தவர் அட்டை கொடுத்தால் மட்டுமே செய்ய வேண்டும். இரு சுற்றிலும் முடிந்தவை, அரைகுறையானவை, பிழையானவை எத்தனை என்று எண்ணிக் கரும்பலகையில் எழுதுங்கள். வேறுபாட்டை மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

மதிப்பீட்டுக்கு ஒரு வினா: உங்கள் ஊரில் உள்ள தையலகம் அல்லது அரிசி ஆலையில், எதை எவ்வளவு செய்ய வேண்டும் என்ற தகவல் யாரிடமிருந்து யாருக்கு, எப்படிச் செல்கிறது? கேட்டறிந்து எழுதுக.

நம் மாணவர்களில் பலர் நாளை தொழிற்சாலைக்குள் நுழைவார்கள். திரையில் காட்டும் எண்ணும் கிடங்கில் இருக்கும் சரக்கும் ஒத்துப்போகின்றனவா என்று கேட்கத் தெரிந்தவர்களாக அவர்களை அனுப்புவோம்.