டாக்டர் பட்டத்திற்குப் பிந்திய ஆராய்ச்சிப் பணி

டாக்டர் பட்டம் பெற்றவர் உடனே நிலையான உத்தியோகத்தில் அமர்வது அரிது. இடைப்பட்ட சில ஆண்டுகளில் அவர் தேர்ந்த விஞ்ஞானி ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் ஊதியம் பெற்று ஆராய்ச்சி செய்கிறார். இதுவே பட்டத்திற்குப் பிந்திய ஆராய்ச்சிப் பணி எனப்படும். இப்பணி அமையும் விதத்தை, மாணவர்க்கு வழிகாட்டும் ஆசிரியர்களும், மேற்படிப்பை நாடும் களப் பணியாளர்களும் அறிந்திருத்தல் நலம்.

ஹைதராபாத் பல்கலைக் கழகத்தை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். 1974-ஆம் ஆண்டில் பாராளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பெற்ற இக்கழகம், சரோஜினி நாயுடு வாழ்ந்த இல்லத்தில் தொடங்கி, பின்னர் கச்சிபௌலி வளாகத்திற்கு மாறியது. இந்திய இரசாயனத் தொழில்நுட்ப நிலையம், தேசியப் புவிபௌதிக ஆராய்ச்சி நிலையம், உயிரணு மூலக்கூற்று உயிரியல் மையம் ஆகியவையும் அந்நகரிலேயே உள்ளன. ஆகவே, பணிக்காலம் முடிந்த ஆய்வாளர் அடுத்த வாய்ப்பையும் அங்கேயே தேட இயலும்.

திட்டத்தைச் சார்ந்த பணி

பேராசிரியர் ஒருவர் அரசாங்கப் பொருளுதவியுடன் ஒரு திட்டத்தை நடத்துகிறார்; அத்திட்டத்திற்கென 'ரிசர்ச் அசோசியேட்' ஒருவர் நியமிக்கப்படுகிறார். மத்திய விஞ்ஞானத் தொழில்நுட்பத் துறை 2023-இல் திருத்திய விகிதப்படி, இவர்தம் மாத ஊதியம் மூன்று நிலைகளில் முறையே 58,000, 61,000, 67,000 ரூபாயாகும். வீட்டு வாடகைப்படி தனி. ஆராய்ச்சிப் பொருள் முன்னரே வகுக்கப்பட்டிருக்கும். திட்டம் முடிந்தால் பணியும் முடியும்.

தம் பெயரில் பெறும் உதவி

மற்றொரு வகையில், ஆய்வாளர் தாமே ஆராய்ச்சிப் பொருளைத் தெரிந்து, வழிகாட்டும் பேராசிரியரின் இசைவுடன் விண்ணப்பிக்கிறார். தேசியப் போஸ்ட் டாக்டரல் பெல்லோஷிப் இத்தகையது. அறிவியல் பொறியியல் ஆய்வு வாரியம் வகுத்த விதிகளின்படி இதன் காலம் 2 ஆண்டுகள். வயது வரம்பு 35. பெண்கள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், இதர பிற்பட்டோர், உடல் ஊனமுற்றோர் ஆகியோர்க்கு 5 ஆண்டுத் தளர்வு உண்டு. வாரியத்தின் பணிகளை, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் ஏற்றுக்கொண்டது. விதிகள் திருத்தப்படுவதுண்டாதலால், விண்ணப்பிக்குமுன் அவ்வாண்டின் அறிவிப்பைப் படித்தல் அவசியம்.

காலக் கணக்கு

31-ஆம் வயதில் பட்டம் பெற்ற ஒருவர், இரண்டிரண்டு ஆண்டுகளாக இரு திட்டங்களில் பணிபுரிந்தால் 35 வயதை எட்டிவிடுகிறார். வயதுத் தளர்வு இல்லாதவராயின், தம் பெயரில் உதவி பெறும் வாய்ப்பு அத்துடன் நழுவிவிடும். ஆதலின், திட்டப் பணியின் முதலாண்டிலேயே விண்ணப்பத்தைத் தயாரித்தல் வேண்டும்.

பல்கலைக் கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட விதிகளில், பல்கலைக் கழக உதவிப் பேராசிரியர் பதவிக்கான நேர்காணலுக்கு விண்ணப்பதாரர்களைத் தெரிந்தெடுக்கும்போது, இத்தகைய அனுபவத்திற்கு ஆண்டுக்கு 2 மதிப்பெண் வீதம் மொத்தம் 10 மதிப்பெண் வகுக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் அக்கணக்கில் ஒன்றும் கூட்டாது என்பது கவனிக்கத்தக்கது.

ஏற்குமுன் கேட்க வேண்டியவை

1. திட்டம் முடியும் நாள் எது?
2. முதல் ஆசிரியராகக் கட்டுரை வெளியிட இடமுண்டா?
3. தம் சொந்த விண்ணப்பத்தை எழுத நேரம் கிடைக்குமா?

ஊதியத்தை மட்டும் நோக்கிப் பணியை ஏற்பவர், இரண்டாண்டுகளுக்குப் பின் மீண்டும் தொடங்கிய இடத்திலேயே நிற்க நேரிடலாம். இம்மூன்றுக்கும் விடை பெற்று ஏற்பவர்க்கோ, அதே இரண்டாண்டுகள் நிலையான பதவிக்குப் படியாக உதவும்.