பிரானும் ஷ்ரிம்ப்பும் ஒன்றா?

கேள்வி: பெரிய இறால் பிரான், சின்ன இறால் ஷ்ரிம்ப் என்கிறார்களே, சரியா?

பதில்: சரியல்ல. இறால்களை அறிவியல் பிரிப்பது அளவை வைத்து அல்ல, உடலமைப்பையும் இனப்பெருக்கத்தையும் வைத்து. வரி இறால், வனாமி போன்றவை ஒரு பிரிவு. இவற்றின் செவுள்கள் கிளைகிளையாக இருக்கும். முதல் மூன்று இணைக் கால்களிலும் சிறு கொடுக்குகள் உண்டு. பெண் இறால் முட்டைகளை நேரே கடல்நீரில் விட்டுவிடும். நன்னீரில் வளரும் ஆற்று இறால் இன்னொரு பிரிவு. அதன் செவுள் தகடு தகடாக அமைந்தது. கொடுக்குகள் முதல் இரண்டு இணைக் கால்களில் மட்டுமே. முட்டைகளைப் பொரியும்வரை வயிற்றடியில் சுமக்கும். இந்தத் தாய்மைதான் எனக்கு முக்கியமான வேறுபாடாகப் படுகிறது.

அப்படியானால் முதல் பிரிவைப் பிரான் என்றும் இரண்டாவதை ஷ்ரிம்ப் என்றும் சொல்லிவிடலாமே என்பீர்கள். பாடநூலில் சொல்லலாம், சந்தையில் அது நிற்காது. முட்டை சுமக்கும் ஆற்று இறால் 30 சென்டிமீட்டர்வரை வளரும், அதற்குப் பெயர் பிரான். முட்டையை நீரில் விடும் வனாமி ஏற்றுமதியில் ஷ்ரிம்ப். அமெரிக்கர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் ஷ்ரிம்ப் என்கிறார்கள், ஆஸ்திரேலியர்கள் பிரான் என்கிறார்கள். தலை நீக்கிய இறாலிலும், ஓடு இருந்தால் பிரிவைக் கண்டுபிடிக்கலாம்: வயிற்றுப் பகுதியில் இரண்டாம் வளையத்தின் பக்க ஓடு, முன்னும் பின்னும் உள்ள இரு வளையங்களின் மேலும் படிந்திருந்தால் அது ஆற்று இறால் பிரிவு. இறால் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் பெயர் பார்த்து ஏமாற வேண்டாம். அதைத் தூண்டும் முக்கியப் புரதமான டிரோபோமயோசின் இரண்டிலும் உண்டு.