பந்து ஏன் எதிரணிக்கே போகிறது?

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியில் மூன்று பாஸ் ஒழுங்காகப் போனால் நான்காவது எதிரணிக்குப் போய்விடுகிறது. கோச் 'ஷூட்டிங் பழகு' என்கிறார். தப்பு எங்கே? — கல்லூரி மாணவர், மூலக்கொத்தளம்

ஷூட்டிங் நல்லதுதான் தம்பி. ஆனால் பந்து முதலில் கோல் பக்கம் போய்ச் சேர வேண்டுமே!

தப்பு பெரும்பாலும் அடிப்பவர் காலில் இல்லை, வாங்குபவர் கழுத்தில். பந்து வருமுன் இரு தோளுக்குப் பின்னாலும் திரும்பிப் பார்க்காதவர், பந்து கிடைத்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குவார். அதற்குள் எதிராளி வந்துவிடுவார். பார்சிலோனா அணியின் மிட்ஃபீல்டர் சாவி ஓயாமல் தலையைத் திருப்பிக்கொண்டே ஆடியது இதற்காகத்தான். உடம்பைப் பாதி திருப்பி நின்று, பந்துக்குத் தூரமாக உள்ள காலால் பந்தை வாங்குங்கள். அடுத்த பாஸுக்கு வழி தானாகத் தெரியும். கொடுத்தவரும் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது.

பயிற்சிக்குப் பெரிய மைதானம் வேண்டாம். ஏறக்குறைய பத்து மீட்டர் சதுரம் போடுங்கள். ஓரங்களில் நான்கு பேர் பாஸ் செய்ய, நடுவில் இரண்டு பேர் பறிக்கப் பார்க்க வேண்டும். ஓரத்தில் நிற்பவருக்கு இரண்டு டச்சுக்கு மேல் கிடையாது; பந்தை விட்டவர் நடுவே போக வேண்டும். 'ரோண்டோ' என்பார்கள். தினமும் 15 நிமிடம் போதும்.

பக்கத்து வியாசர்பாடிக்கும் ஒரு நடை போய் ஆட்டம் பாருங்கள். 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக ஈஸ்ட் பெங்காலின் ஒரே கோலை அடித்த நந்தகுமார் சேகர் அந்த ஊர்க்காரர்தான்.

அடுத்த மேட்சில் ஒருவரைச் செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்: பந்தை அல்ல, உங்கள் மிட்ஃபீல்டர்களின் தலையை. பிறகு கோச்சுக்குக் காட்டுங்கள்.