தொடுகிற கை

வல்வெட்டித்துறை

அன்பு மருமகளுக்கு,

அக்கா நேற்றிரவு போனில் அழுதாள். வருகிற சித்திரையில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தப் போகிறாயாம். அதற்காகக் கம்பஸை ஒரு வருடம் விடப்போகிறாயாம். ஏச எழுதவில்லை, பிள்ளை. நீந்துகிற பிள்ளையை மறிக்க இந்த ஊரில் பிறந்தவனுக்கு வாய் வராது.

தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954இல் பாக்குநீரிணையைக் கடந்ததை ஐயா எத்தனை தரம் சொல்லியிருப்பார்! பிறகு எங்கள் ஆழிக்குமரன் ஆனந்தன். 1971இல் மன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், திரும்பியும் நீந்தி வந்தார், 51 மணித்தியாலம். அதை முறியடிக்க 50 வருடம் சென்றது. 2021இல் விமானப்படையின் ரொஷான் அபேசுந்தர 28 மணித்தியாலத்தில் போய்வந்தார். ஆனந்தன் படித்துச் சட்டத்தரணியானவர் என்பதையும் மறந்துவிடாதே.

அந்த ஆனந்தனைத்தான் 1984 ஆவணியில் ஆங்கிலக் கால்வாய் கொண்டுபோனது. கோடையிலும் அந்தத் தண்ணீர் 18 பாகையைத் தாண்டுவது அருமை. எங்கள் கடல் சூடுதானே என்பாய். 28 பாகைத் தண்ணீரும் உடம்பைவிடக் குளிர்தான். மணிக்கணக்காகச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குளிர் மூளைக்கு ஏறிவிட்டால், நிறுத்தவேண்டும் என்பது நீந்துகிறவருக்கே விளங்காது.

அங்கேதான் எனக்குப் பயம். படகைப் பிடித்தாலோ, படகிலிருப்பவர் தொட்டாலோ நீச்சல் முடிந்தது என்பது விதி. அதனால் எல்லோருக்கும் கை தயங்கும். சின்னண்ணா நீந்திய அன்று என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். உதடு நீலம் பாரித்து, பேச்சுக் குழறி, கை நேராக விழவில்லை. படகில் நாலு பேர் இருந்தார்கள். “இன்னும் கொஞ்சம்தான்” என்று கைதட்டினார்களே தவிர, ஒருவனும் தொடவில்லை. செத்தவீட்டிலும் ஒருவன் “சாதிச்சிட்டான்” என்றான். இன்றுவரை நான் அவனோடு கதைப்பதில்லை, கதைக்கவும் மாட்டேன்.

முடிவு உன்னுடையது. கம்பஸை முடித்துவிட்டு நீந்துவதானால் படகு, எண்ணெய், மருத்துவர் எல்லாச் செலவும் என்னுடையது. இல்லை, இந்தச் சித்திரையே, முகம் தெரியாத ஆட்களை நம்பித்தான் இறங்குவேன் என்றால் அதையும் சொல். கோபிக்க மாட்டேன். அக்காவுக்கு மட்டும் நீயே சொல்லிவிடு.

கனக்கக் கதைத்துவிட்டேன், குஞ்சு. நாலு வயதில் என் தோளிலிருந்து ஊரிக்காட்டுக் கடலுக்குள் பாய்ந்தவள் நீ. உன்னைப்போல வடிவாக நீந்துகிற ஒருவரை நான் என் சீவியத்தில் கண்டதில்லை. மாமி புழுக்கொடியலும் எள்ளுப்பாகும் அனுப்புகிறா. அறைப் பிள்ளைகளுக்கும் கொடு. காசு தேவையென்றால் கூச்சப்படாமல் கேள்.

எந்தச் சித்திரையானாலும் படகில் நான் இருப்பேன். நான் கை நீட்டினால் பிடித்துக்கொள்.

அன்புடன்,
மாமா