பதின்மூன்றாம் வளைவு

நுழையும்முன்

விரைவுந்துகளின் பெருமையைக் குதிரைத்திறனால் அளப்பது உலக வழக்கு. எந்திரம் ஈட்டும் ஆற்றல் முழுவதும் தரையைச் சென்றடைவதோ டயர்களின் வழியேதான். அப்பிடிமானத்தின் இயல்பையும், அது கேள்விக்குள்ளான ஒரு பந்தயத்தின் வரலாற்றையும் இப்பாடம் கூறுகிறது.

பாடம்

ஓர் உந்து எத்துணைப் பெரிதாயினும் அது தரையைத் தொடும் இடம் மிகச் சிறிது. சாதாரண மகிழுந்தின் ஒவ்வொரு டயரும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவே தரையோடு பொருந்துகிறது. பந்தய உந்தின் டயர்கள் அகலமானவை. ஆதலின் அவற்றில் அவ்வளவு சற்றுக் கூடும். விரைதல், நிற்றல், திரும்புதல் ஆகிய மூன்றும் அந்நான்கு சிறு பரப்புகளின் வழியாகவே நிகழ்தல் வேண்டும். எந்திரத்தின் முழக்கமும் உடலமைப்பின் பளபளப்பும் காண்போர் கண்ணையும் செவியையும் கவர்கின்றன. பந்தயத்தை முடிவு செய்யும் இடமோ கண்ணுக்குப் புலப்படாமல் சக்கரத்தின் அடியில் கிடக்கிறது.

இதனை ஓர் எளிய கணக்கால் அறியலாம். இரண்டு விரைவுந்துகள் உள்ளன எனக் கொள்க. முதலாவது 700 குதிரைத்திறன் உடையது. இரண்டாவது 500 குதிரைத்திறனே உடையது. முதலாவதன் டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வுக் கெழு 1.0, இரண்டாவது மென்மையான பந்தய டயர் பூண்டிருப்பதால் அதன் கெழு 1.4. இரண்டும் 100 மீட்டர் ஆரமுடைய, சாய்வற்ற அரைவட்ட வளைவில் நுழைகின்றன. வளைந்து செல்லும் பொருளுக்கு மையத்தை நோக்கி இழுக்கும் விசை ஒன்று தேவை. அதனைத் தருவது டயரின் உராய்வே. வேகம் இருமடங்கானால் தேவைப்படும் விசை நான்கு மடங்காகிறது. ஆகவே ஒவ்வொரு டயருக்கும் ஓர் எல்லை உண்டு. அதனைக் கடந்தால் உந்து வளைவை விட்டு வெளியே வழுக்கும்.

அவ்வெல்லை வேகத்தின் இருமடி, உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம், வளைவின் ஆரம் ஆகிய மூன்றின் பெருக்கற்பலனுக்குச் சமம். காற்றின் அழுத்தத்தைக் கணக்கில் கொள்ளாவிடில், முதல் உந்து நொடிக்கு 31.3 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 113 கிலோமீட்டர் வேகத்தில் மட்டுமே திரும்ப இயலும். இரண்டாவது நொடிக்கு 37 மீட்டர், மணிக்கு 133 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும். வளைவின் நீளம் 314 மீட்டர். முதலாவது அதனைக் கடக்க 10 நொடிகள் ஆகின்றன. இரண்டாவது எட்டரை நொடிகளில் கடந்துவிடுகிறது. ஒரே வளைவில் ஒன்றரை நொடி! நூறில் ஒரு பங்கு நொடிக்காகப் பொறியாளர்கள் மாதக்கணக்கில் உழைக்கும் துறையில் இது பெருஞ்செல்வம். இக்கணக்கில் குதிரைத்திறன் எங்கும் இடம்பெறவில்லை. உந்தின் எடைகூட இடம்பெறவில்லை. அன்றியும், வளைவை விட்டு வெளியேறும்போது இரண்டாவது உந்து மணிக்கு 20 கிலோமீட்டர் மிகுந்த வேகத்தோடு நேர்பாதையைத் தொடங்குகிறது. 200 குதிரைத்திறன் மிகுந்த எந்திரம் அந்த இழப்பை ஈடு செய்த பிறகே முந்துவதைப் பற்றி எண்ண முடியும்.

அங்ஙனமாயின் எல்லாரும் மென்மையான டயரையே பூட்டிக்கொள்ளலாமே என்னும் வினா எழும். இரப்பர் தார்ச்சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அழுந்தியும், அதன் பரப்போடு ஒட்டியும் பிடிமானத்தைத் தருகிறது. மென்மை மிகுந்தால் அழுந்துதலும் ஒட்டுதலும் மிகும். தேய்வும் உடன் மிகும். பந்தய டயர் குளிர்ந்திருக்கும்போது வழுக்கும். ஏறத்தாழ 100 பாகை செல்சியசை ஒட்டிய வெப்பத்தில்தான் நன்கு பற்றும். அதனினும் மிக வெந்தால் மீண்டும் பற்று இழக்கும். இவற்றுக்கு அப்பால் மற்றொன்றும் உண்டு. தரையில் பிறக்கும் விசை டயரின் பக்கச்சுவர் வழியாகவே உந்தின் உடலைச் சென்றடைகிறது. மேற்பரப்பு எவ்வளவு இறுகப் பற்றுகிறதோ அவ்வளவு சுமையைப் பக்கச்சுவர் தாங்கியாக வேண்டும். பிடிமானம் வேறு, உறுதி வேறு. இவ்வேறுபாட்டை உலகறியக் காட்டிய பந்தயம் ஒன்று 2005ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டின் இண்டியானாபோலிஸ் நகரில் நடைபெற்றது.

அந்நாளில் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் இரண்டு நிறுவனங்கள் டயர் வழங்கின. ஏழு அணிகள் பிரான்சு நாட்டின் மிச்செலின் டயர்களையும், ஃபெராரி, ஜோர்டான், மினார்டி ஆகிய மூன்று அணிகள் சப்பான் நாட்டின் பிரிட்ஜ்ஸ்டோன் டயர்களையும் பயன்படுத்தின. தகுதிச்சுற்றிலும் பந்தயத்திலும் ஒரே டயர்த் தொகுதியையே பயன்படுத்த வேண்டும் என்பது அவ்வாண்டின் விதி. சேதமுற்ற டயரையன்றித் தேய்ந்த டயரை மாற்றலாகாது. ஆயினும் மிச்செலின் டயர்களே அவ்வாண்டு மேலோங்கி நின்றன. 19 பந்தயங்களுள் 18இல் வென்றவை அவையே. எஞ்சிய ஒன்றுதான் இண்டியானாபோலிஸ்.

இண்டியானாபோலிஸ் ஓடுதளம் 1909ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. அதன் நீள்வட்டப் பாதையின் ஒரு பகுதி ஃபார்முலா ஒன்று பந்தயத்திற்கும் பயன்பட்டது. அப்பகுதியில் உள்ளதே பதின்மூன்றாம் வளைவு. அது ஒன்பது பாகைக்குச் சற்று மிகுதியாக உட்புறம் சாய்ந்தது. சாய்வு இருப்பதால் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க வேண்டியதில்லை. மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வேகத்தில் அவ்வளைவைக் கடக்கலாம். ஆனால் சாய்தளமும் இறக்கைகளின் வழியே காற்றும் உந்தைத் தரையோடு சேர்த்து அழுத்துகின்றன. வலப்புறம் திரும்பும் வளைவு ஆதலின் அச்சுமையின் பெரும்பகுதி இடப்புற டயர்களின்மீது விழுகிறது. மற்ற வளைவுகளில் இத்தகைய சுமை இல்லை. மேலும் அத்தளத்தின் மேற்பரப்பு அதற்குச் சற்று முன்னர்தான் புதுப்பிக்கப்பட்டிருந்தது.

சூன் 17, வெள்ளிக்கிழமை நடைபெற்ற பயிற்சியில் டொயோட்டா அணியின் ரால்ஃப் ஷூமாக்கருடைய உந்தில் இடப்பக்கப் பின் டயர் செயலிழந்தது. உந்து பதின்மூன்றாம் வளைவின் சுவரில் மோதியது. முந்தைய ஆண்டும் அதே வளைவில் மோதி அவர் முதுகெலும்பில் காயமுற்றிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. பிற மிச்செலின் டயர்களை ஆராய்ந்தபோது அவற்றின் பக்கச்சுவர்களிலும் பழுதுகள் தென்பட்டன. பதின்மூன்றாம் வளைவில் வேகம் குறைக்கப்பட்டாலன்றி டயர்களின் பாதுகாப்புக்கு உறுதியளிக்க இயலாது என்று அந்நிறுவனமே எழுத்து மூலம் அறிவித்தது. பெருங்கூட்டம் காத்திருக்க, பெரும்பணம் புழங்க, தன் பொருள் தகுதியற்றது எனத் தானே கூறுதல் எளிதன்று.

வளைவுக்கு முன் தற்காலிகத் தடுப்பு அமைத்து வேகத்தைக் குறைக்கலாம் என அணிகள் பல வேண்டின. ஓடுதளத்தைப் பந்தய நாளில் மாற்றுவது ஆய்ந்தறியாத புதிய இடரைத் தோற்றுவிக்கும். தகுந்த டயரோடு வந்தவர்களுக்கு அநீதியும் ஆகும் எனக் கூட்டமைப்பு மறுத்தது. மிச்செலின் ஓட்டுநர்கள் அவ்வளைவில் மட்டும் மெதுவாகச் செல்லலாம் என்பது கூட்டமைப்பின் மாற்று யோசனை. 300 கிலோமீட்டர் வேகத்தில் சிலரும் அதனினும் மிகக் குறைந்த வேகத்தில் சிலரும் ஒரே வளைவில் செல்வது மோதலுக்கே வழிவகுக்கும் என அணிகள் அதனை ஏற்கவில்லை. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது; அதனாலேயே உடன்பாடு பிறக்கவில்லை.

சூன் 19 அன்று 20 உந்துகளும் முன்னோட்டச் சுற்றில் புறப்பட்டன. அச்சுற்றின் முடிவில் மிச்செலின் டயர் பூண்ட 14 உந்துகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூடங்களுக்குத் திரும்பிவிட்டன. தொடக்கக் கோட்டில் நின்றவை ஆறே உந்துகள். கூட்டம் கொதித்தது, சிலர் புட்டிகளை ஓடுதளத்தின்மீது வீசினர். பந்தயம் அவ்வாறே 73 சுற்றுகள் நடந்தேறியது. மைக்கேல் ஷூமாக்கர் முதலிடமும், ரூபன்ஸ் பாரிச்செல்லோ இரண்டாமிடமும், ஜோர்டான் அணியின் டியாகோ மொன்டேரோ மூன்றாமிடமும் பெற்றனர். நான்காமிடம் பெற்றவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன். அவ்வாண்டுதான் அவர் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியராக அறிமுகமாகியிருந்தார். அன்று அவர் பெற்ற 5 புள்ளிகள் அப்பந்தய வரலாற்றில் இந்தியர் ஒருவர் பெற்ற முதற் புள்ளிகளாகும். ஆறு பேருள் நான்காமவர் தானே என்று எள்ளுவோர் உண்டு. தன் டயர் தாங்கும் என்னும் நம்பிக்கையோடு 72 முறை பதின்மூன்றாம் வளைவைக் கடந்தவரை அங்ஙனம் எள்ளுதல் தகாது.

அப்பந்தயத்தில் அறிவியல் மாணவர் நோக்கத்தக்கது மற்றொன்றும் உண்டு. ஓடிய ஆறு உந்துகளும் ஒரே நிறுவனத்தின் டயர்களைப் பூண்டிருந்தன. இருந்தும் ஃபெராரி உந்துகள் ஜோர்டானை ஒரு சுற்றும், மினார்டியை இரு சுற்றுகளும் முந்தின. டயர் ஒத்திருந்தால் எந்திரமும் வடிவமைப்பும் தம் வேறுபாட்டைக் காட்டிவிடும். எனினும் ஒப்பீடு முற்றும் தூயதன்று. பிரிட்ஜ்ஸ்டோன் டயர்கள் பெரிதும் ஃபெராரியின் தேவைக்கேற்ப உருவாக்கப்பட்டவை.

மிச்செலின் நிறுவனம் பார்வையாளர்களின் நுழைவுக் கட்டணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. 2006இல் பந்தயத்தின் இடையே டயர் மாற்றும் முறை மீண்டும் வந்தது. அவ்வாண்டின் இறுதியில் மிச்செலின் அப்பந்தயத்தினின்று விலகியது. 2007 முதல் எல்லா அணிகளும் ஒரே நிறுவனத்தின் டயர்களையே பயன்படுத்தி வருகின்றன.

பயிற்சி

1. வளைவில் செல்லும் உந்தின் எல்லை வேகத்தை முடிவு செய்வன யாவை? அவற்றுள் எடை இடம்பெறாமைக்குக் காரணம் கூறுக.
2. உராய்வுக் கெழு 0.8 உடைய டயர் 50 மீட்டர் ஆரமுடைய வளைவில் எவ்வளவு வேகத்தில் செல்லலாம்? கணக்கிடுக.
3. தடுப்பு அமைக்க மறுத்த கூட்டமைப்பின் முடிவு சரியா? இரு தரப்பு வாதங்களையும் எழுதி, உமது கருத்தைக் காரணத்துடன் நிறுவுக.
4. பிரித்து எழுதுக: அப்பிடிமானம், அங்ஙனமாயின், முன்னோட்டம்.
5. ‘பிடிமானம் வேறு, உறுதி வேறு’ – இத்தொடர் அமைப்பைப் பின்பற்றி இரண்டு தொடர்கள் எழுதுக.