நானூறு புத்தகங்களுக்கு ஒரு டேட்டாபேஸ்

ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் விடுதி நடத்துபவர்களுக்கு ஒரு சொத்து தானாகவே சேரும்: தங்கியவர்கள் விட்டுப்போகும் புத்தகங்கள். கார்த்திகை தீபம் முடிந்ததும் வெளிநாட்டுக்காரர்கள் வரத் தொடங்கி மாசி வரை இருப்பார்கள். கிளம்பும்போது விமானத்தில் எடை கூடிவிடும் என்று பாதியை அறையிலேயே வைத்துவிடுவார்கள். அப்படிச் சேர்ந்த நானூறு சொச்சம் புத்தகங்களை, செங்கம் சாலையை ஒட்டிய ஒரு விடுதிக்கார அம்மா அக்கம்பக்கத்தாருக்கு இரவல் கொடுக்க ஆரம்பித்தார். எது யாரிடம் போனது என்று பிடிபடாமல் போனபோது, அதற்கு ஒரு டேட்டாபேஸ் செய்து கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது. தொண்ணூறுகளில் கம்ப்யூட்டர் சென்டரில் டிபேஸும் ஃபாக்ஸ்புரோவும் படித்தவன் நான். அங்கே மனப்பாடம் செய்த சொற்களுக்கெல்லாம் இந்த அலமாரியில்தான் அர்த்தம் கிடைத்தது.

“ஏன் சார், எக்செல்லயே போட்டு வச்சிருக்கேனே, அது போதாதா?” என்றுதான் அந்த அம்மா முதலில் கேட்டார். நியாயமான கேள்வி. எக்செல் கொள்ளாது என்று பயமுறுத்துகிறவர்கள் 2020 இங்கிலாந்துக் கதையைச் சொல்வார்கள். பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. அது தெரியாமல் பயன்படுத்தியதில் 15,841 கோவிட் தொற்றாளர்களின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் ஏறாமல் போனது. நம் அலமாரிக்கு ஏழு ஜென்மத்திலும் அந்தக் கதி வராது. இங்கே சிக்கல் வேறு. அவருடைய எக்செல்லில் புத்தகப் பெயர், ஆசிரியர், எடுத்தவர், போன், தேதி என்று கட்டங்கள் இருந்தன. அதே புத்தகத்தை இரண்டாவது ஆள் எடுத்தபோது பக்கத்தில் ‘எடுத்தவர் 2’ முளைத்தது. பிறகு ‘எடுத்தவர் 3’. கட்டத்தின் தலைப்பில் இப்படி எண் போட ஆரம்பித்தால், உங்களுக்கு இன்னொரு டேபிள் தேவைப்படுகிறது என்று பொருள்.

டேபிள் என்பது ஒரே வகைப் பொருள்களின் பட்டியல். அதில் ஒரு வரி ஒரு ரெக்கார்டு. வரியிலுள்ள ஒவ்வொரு கட்டமும் ஒரு ஃபீல்டு. எல்லாப் பாடப்புத்தகமும் இதைச் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது: இந்த டேபிளில் ஒரு வரி எதைக் குறிக்கிறது? இதற்கு ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல முடியாதவரை மென்பொருளைத் திறக்கவே கூடாது என்பது என் கட்சி.

அலமாரியில் ‘நான் யார்?’ இருந்தது. சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு இளம் வயது ரமணர் மௌனத்தில் எழுதிக் காட்டிய பதில்கள். நூலாக வந்தது 1923இல். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு, பிரெஞ்சில் ஒன்று என்று அது கிடந்தது. இது ஒரு புத்தகமா, நான்கா? வாசகர் “நான் யார் இருக்கா?” என்று கேட்கும்போது அது ஒன்று. ஒருவர் எடுத்துக்கொண்டு போய்த் திருப்பித் தராதபோது தொலைவது அந்த நான்கில் குறிப்பிட்ட ஒன்று. ஆகவே இரண்டு டேபிள்: நூல் ஒன்றில், பிரதி இன்னொன்றில். ‘நூல்’ டேபிளில் ஒரு வரி ஒரு படைப்பு. ‘பிரதி’ டேபிளில் ஒரு வரி கையில் எடுக்கக்கூடிய ஒரு காகிதக் கட்டு. மொழியும் பதிப்பும் பிரதியில்தான் வரும்.

நம் நூலகர்களுக்கு இது புதிதல்ல. எந்த ஊர்க் கிளை நூலகத்திலும் அக்சஷன் ரிஜிஸ்டர் இருக்கும். ஒரே நாவல் ஐந்து பிரதி வந்தால் ஐந்துக்கும் தனித்தனி எண். சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்ட காலத்திலும் நூலகங்களில் இந்த எண் உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தின் எட்கர் காட் 1970இல் ரிலேஷனல் முறையை முன்வைத்த கட்டுரையில் ‘பிரைமரி கீ’ என்று சொன்னதும் இதே வேலையைச் செய்வதுதான். எந்த இரண்டு வரிக்கும் ஒன்றாக இருக்கக்கூடாது, காலியாக இருக்கக்கூடாது, கூடியவரை மாறவும் கூடாது.

இந்த மூன்று நிபந்தனையையும் வைத்துக்கொண்டு கண்ணில் படும் எண்களைச் சோதித்துப் பாருங்கள். ஐ.எஸ்.பி.என்.? அது உலகத் தரமானதே 1970இல். அதற்கு முந்திய ஆசிரம வெளியீடுகளில் தேடினாலும் கிடைக்காது. தவிர, ஒரே பதிப்பின் இரண்டு பிரதிக்கும் அது ஒன்றுதான். வாசகருக்குப் பாஸ்போர்ட் எண்? வருஷா வருஷம் வருகிறவர் புதுப் பாஸ்போர்ட்டோடு வந்தால் எண் மாறியிருக்கும். பெயர் அதைவிட மோசம். இந்தப் பகுதியில் போன சீசனில் டேவிட்டாக வந்தவர் இந்த சீசனில் ஆனந்தாவாக வருவார். நம்மூர் ஆட்கள் மட்டும் என்ன? இனிஷியல் ஒருமுறை முன்னால் வரும், ஒருமுறை பின்னால் போகும், ஒருமுறை காணாமலே போகும். எனவே வாசகருக்கும் நாமே ஓர் எண் கொடுப்பதுதான் வழி. நான் பயன்படுத்திய டேட்டாபேஸ் மென்பொருளான ஆக்சஸ் தானாகப் போடும் ஆட்டோநம்பர் அதற்குப் போதும். ஆனால் ஒரு வரியைத் தொடங்கிப் பாதியில் விட்டால் அந்த எண் வீணாகிப் போகும், இடையில் ஓட்டை விழும். அந்த அம்மா “நாப்பத்தேழு எங்க போச்சு?” என்று ஒரு நாள் முழுக்கத் தேடினார். ஆகவே பிரதிக்கு மட்டும், புத்தகத்தின் உள்ளட்டையில் பேனாவால் எழுதிய எண்ணையே கீயாக வைத்தேன். திரையும் காகிதமும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும்.

ஆசிரியர் என்ற ஃபீல்டுதான் இந்த அலமாரியில் அதிகம் படுத்தியது. ‘மஹா யோகா’ ஆங்கில நூலை எழுதியவர் கே.லட்சுமண சர்மா, அட்டையிலோ ‘ஹூ’ என்று மட்டும் இருக்கும். மேஜர் சாட்விக் தன் நினைவுக் குறிப்புகளை ‘சாது அருணாசலா’ என்ற பெயரில் எழுதினார். முனகால வெங்கடராமய்யா பதிவு செய்த உரையாடல்களில் பேச்சு ரமணருடையது, எழுத்து இன்னொருவருடையது. சூரி நாகம்மா தெலுங்கில் எழுதிய கடிதங்களின் ஆங்கிலப் பிரதியில் மொழிபெயர்ப்பாளர் வேறு. ஒரு நூலுக்குப் பல ஆட்கள், ஓர் ஆளுக்குப் பல நூல்கள். இதைப் பல-பல உறவு என்பார்கள். ‘நூல்’, ‘ஆள்’ என்ற இரண்டு டேபிளை நேராகக் கோத்து இதைச் சமாளிக்க முடியாது. நடுவில் மூன்றாவதாக ஓர் இணைப்பு டேபிள் வேண்டும். அதில் ஒரு வரி, ‘இன்ன நூலில் இன்னாருக்கு இன்ன பங்கு’ என்று சொல்லும்: எழுதியவர், தொகுத்தவர், மொழிபெயர்த்தவர். புனைபெயர்களுக்கு ‘ஆள்’ டேபிளை ஒட்டி இன்னொரு சிறு டேபிள். யாராவது சாட்விக்கைத் தேடினால் சாது அருணாசலாவும் வந்து நிற்பார்.

இரவலும் இப்படி ஓர் இணைப்புதான். ஒரு வரி ஓர் இரவல்: பிரதி எண், வாசகர் எண், எடுத்த தேதி, திரும்பிய தேதி. வேறு டேபிளின் பிரைமரி கீயைச் சுமந்துகொண்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு எண்களும் ஃபாரின் கீகள். வாசகரின் போன் நம்பர் இங்கே வரவே கூடாது. அது ‘வாசகர்’ டேபிளில் ஒரே இடத்தில் இருக்கட்டும். சிம் மாற்றினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். நார்மலைசேஷன் என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதி வைத்திருப்பதில் முக்கால்வாசி இதுதான். உறவை வரையும்போது ‘ரெஃபரன்ஷியல் இன்டெக்ரிட்டி’ என்ற கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள். போட்டால், கையில் புத்தகம் வைத்திருக்கும் வாசகரின் பெயரை யாரும் தவறிக்கூட அழிக்க முடியாது. பக்கத்திலிருக்கும் ‘கேஸ்கேட் டெலீட்’டைத் தொடாதீர்கள்; ஓர் ஆளை அழித்தால் அவருடைய இரவல் சரித்திரமே கூடப் போய்விடும்.

திரும்பிய தேதி காலியாக இருந்தால் புத்தகம் இன்னும் வெளியே இருக்கிறது. இந்தக் காலிக்கு ‘நல்’ என்று பெயர். அது பூஜ்யமும் அல்ல, வெற்று எழுத்தும் அல்ல; மதிப்பு இன்னும் வரவில்லை என்பது மட்டுமே. ஆகவே டேபிளிடம் கேட்கும் கேள்வியான குவெரியில் ‘தேதி = நல்’ என்று கேட்டால் ஒரு வரியும் வராது. ‘இஸ் நல்’ என்று கேட்க வேண்டும். முதல் தடவை டேட்டாபேஸ் செய்பவர்கள் அரைநாள் முட்டிக்கொள்ளும் இடம் இது. தேதியில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஆக்சஸில், குவெரியை எழுதும் மொழியான எஸ்.க்யூ.எல். வரிக்குள் இரண்டு # குறிகளுக்கு நடுவே 03/04 என்று எழுதினால், உங்கள் கணினியை இந்திய முறையில் வைத்திருந்தாலும் அது அமெரிக்கர்போல மாதத்தைத்தான் முதலில் படிக்கும்.

டேட்டா டைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கூட்டிக் கழிக்காத எண்ணெல்லாம் டெக்ஸ்ட். போன், பின்கோடு, பாஸ்போர்ட் மூன்றும் அப்படித்தான். இல்லாவிட்டால் முன்னால் நிற்கும் பூஜ்யமும் கூட்டல் குறியும் பறிபோகும்.

தமிழில் தரவு ஏற்றுபவர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த பட்டியலை அப்படியே ஒட்டாதீர்கள். யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். மாற்றிய பின்னும் ஒரு பொறி காத்திருக்கிறது, அதுவும் இந்த ஊரில் பாதித் தலைப்புகளின் தொடக்கத்திலேயே. ‘ஸ்ரீ’யை யூனிகோடில் ஸகரத்தை வைத்தும் அடிக்கலாம், கிரந்த ஶகரத்தை வைத்தும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. நான் எல்லாவற்றையும் ஸகர வடிவுக்கு மாற்றிவிட்டு, ‘வரிசைத் தலைப்பு’ என்று ஒரு ஃபீல்டும் சேர்த்தேன். அதில் ஸ்ரீ இல்லாமல் தலைப்பு இருக்கும். அகர வரிசையில் அடுக்கும்போது அலமாரி முழுவதும் ஒரே எழுத்தில் குவியாது.

டேபிள்களிடம் நாம் கேட்கும் கேள்விதான் குவெரி என்று பார்த்தோம். ஃபார்ம் என்பது தரவு ஏற்றும் திரை. ரிப்போர்ட் என்பது அச்செடுக்கும் தாள். ஃபார்மைக் கடைசியில் செய்யுங்கள், ஆனால் அதிக நேரம் அதற்கே கொடுங்கள். விடுதி வாசலில் சாவியை வாங்கிக்கொண்டே புத்தகத்தைப் பதிகிறவருக்கு டேபிளும் கீயும் எதற்கு? பிரதி எண்ணை அடித்தால் தலைப்பு வர வேண்டும், வாசகர் பெயரில் இரண்டு எழுத்து அடித்தால் பட்டியல் விழ வேண்டும், தேதி தானாக நிரம்ப வேண்டும். அந்த அம்மா நாள்தோறும் பயன்படுத்துவது ஒரே ஒரு ஃபார்மும், ‘மாதம் கடந்தும் வராதவை’ என்ற ஒரே ஒரு குவெரியும்தான்.

வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசுக்கு இணையத்தில் பதிய வேண்டும். படிவம் சி என்று விடுதிக்காரர்கள் எல்லோருக்கும் பழக்கமான வேலை. அந்தப் பாஸ்போர்ட் விவரத்தைப் புத்தக டேட்டாபேஸிலும் சேர்த்துவிடலாம் என்று ஓர் ஆசை வரும். சேர்க்காதீர்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் சட்டமே வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும், நாவல் இரவல் கொடுக்க விசா எண் எதற்கு?

ஆக்சஸ் 1992 முதல் இருக்கிறது. ஒரு கோப்பு 2 ஜி.பி.க்கு மேல் போகாது, நமக்கு அது மிச்சம். காசில்லாமல் வேண்டுமென்றால் லிப்ரே ஆபீஸின் பேஸ் இருக்கிறது. ஆனால் அதன் உள்ளமைந்த எச்.எஸ்.க்யூ.எல்.டி.பி. வகைக் கோப்பில், சேமிக்கும்போதோ மூடும்போதோதான் தரவு முழுமையாகப் போய்ச் சேரும். நடுவில் கரண்ட் போனால் கஷ்டம். யூ.பி.எஸ். இல்லாத இடத்தில் அடிக்கடி சேமிக்கப் பழகுங்கள். எதுவானாலும் வாரம் ஒருமுறை கோப்பை மூடிவிட்டு, தேதி போட்ட பெயரில் பென்டிரைவில் ஒரு நகல் எடுங்கள். திறந்திருக்கும் கோப்பை நகலெடுத்தால் அது உடைந்த நகலாக இருக்கலாம். பல ஆயிரம் புத்தகமும் பல ஊழியர்களும் உள்ள நூலகமானால் இதெல்லாம் வேண்டாம், நியூசிலாந்தில் பிறந்த இலவச மென்பொருளான ‘கோஹா’வுக்குப் போய்விடுங்கள்.

சின்ன அலமாரி, பஜனைக் குழு, மருந்துக்கடை எதுவானாலும், கணினியைத் திறக்கும் முன் ஒரு நோட்டில் ஒவ்வொரு டேபிளுக்கும் பத்து வரி பேனாவால் எழுதிப் பாருங்கள். எழுதும்போதே ஒரே தகவலை இரண்டாம் முறை எழுத நேர்ந்தால், அங்கே கோடு போட்டு டேபிளைப் பிரித்துவிடுங்கள்.